ஆள் இல்லாத ஆட்டம்: சரபாந்த், சதிர், ஒரு கடற்கரை மேடை

1

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகிற சாலையோரம் ஒரு சிற்பப் பட்டறை. மத்தியானம். கட்டிங் மெஷின் ஓய்ந்திருந்தது. பழக்கமான சிற்பி அண்ணன் ஒருவர் ஏதோ ஒரு ஓட்டல் வரவேற்பறைக்காக நடனப்பெண் சிலை ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார். இடுப்புவரை வெளியே வந்துவிட்டாள். கால்கள் இன்னும் கல்லுக்குள்ளேயே இருந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பாக்கின் பிரெஞ்சு நடனக் கோவைகளில் ஐந்தாவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னா தம்பி இது? வீணை மாதிரியும் இருக்குது, தகரத்துல சின்ன ஆணி அடிக்கிற மாதிரியும் இருக்குது."

"ஹார்ப்சிகார்ட்ண்ணே. பியானோவுக்கு முந்தின வாத்தியம். இது டான்ஸுக்கான பாட்டு."

"யாரு ஆடுறது?"

"யாரும் ஆட மாட்டாங்க. உட்கார்ந்து வாசிக்கிறதுக்கு மட்டும்தான்."

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்போ ஆடுனவளை எங்க விட்டானுங்க?"

இசை பற்றிய நம் கட்டுரைகள் பெரும்பாலும் கேட்காமல் தாண்டிப்போகிற கேள்வி இது. மேற்கத்திய செவ்வியல் இசை என்றாலே 'ஆன்மீக உயரம்', 'கணிதத் துல்லியம்', 'தூய இசை' என்று மெய்மறப்பது நம் சிறுபத்திரிகை மரபில் ஒரு பழக்கமாகவே இருந்து வந்திருக்கிறது. எதிலிருந்து எதை நீக்கியதால் அந்தத் 'தூய்மை' கிடைத்தது என்று கேட்டுப் பார்த்தால், ஐரோப்பாவுக்கான பதிலோடு இந்தக் கடற்கரைக்கான பதிலும் சேர்ந்தே வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

2

முதலில் வாத்தியம். ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு மெல்லிய மரச்சட்டம் மேலே எழும்பும். அதில் செருகப்பட்ட பறவை இறகின் முள் கம்பியை மீட்டிவிட்டு இறங்கும். எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் அளவு அநேகமாக ஒன்றுதான். மீட்டிய கணத்திலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும். அதனால் வாசிப்பவர் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்த முடியாமல், அதைச் சுற்றி நடுக்கங்களும் சுழிப்புகளும் பின்னியாக வேண்டும். கூட்டுச் சுரங்களை ஒரேயடியாக அடிக்காமல், லூட் வாசிப்பவர்கள் செய்தது போல ஒவ்வொன்றாக உதிர்த்தாக வேண்டும். தேய்ந்துபோகும் ஒலியைத் தக்கவைக்கும் தந்திரங்களே இந்த இசையின் அலங்காரமாகத் தெரிகின்றன.

அடுத்தது வடிவம். 'கோவை' என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஒரே சுருதியில் பல நடனங்களை வரிசையாகக் கோத்துத் தனி வாத்தியத்துக்கு எழுதினார்கள். நிதானமாக நடக்கும் அல்மாந்த், ஓடுகிற கூராந்த், கனத்த மூன்றெண்ணச் சரபாந்த், துள்ளிக்கொண்டு முடிக்கிற ஜீக் ஆகிய நான்கும் அதன் எலும்புக்கூடு. சரபாந்துக்கும் ஜீக்குக்கும் நடுவில் மினுவே, கவோத், பூரே என்று விருப்பம்போல் செருகிக்கொள்ளலாம். ஒவ்வொரு நடனமும் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியும் இருமுறை. நான் கேட்டுக்கொண்டிருந்த கோவையில் ஏழு நடனங்கள். ஏழும் ஒரே சுருதி.

இவற்றில் எதற்கும் யாரும் ஆடவில்லை. பாக் ஆறு கோவைகளைத் திரட்டி 1731இல் தாமே அச்சிட்டபோது, தலைப்புப் பக்கத்தில் நடனங்களின் பெயர்களை வரிசையாகப் போட்டு, இசை ஆர்வலர்களின் உள்ளக் களிப்புக்காக இயற்றப்பட்டவை என்று குறிப்பிடுகிறார். ஆடுபவர்களைப் பற்றி அதில் பேச்சில்லை. பிரெஞ்சுக் கோவைகளில் ஐந்தின் தொடக்க வடிவங்கள், 1722இல் அவர் தம் இரண்டாவது மனைவி அன்னா மக்தலேனாவுக்காகத் தொடங்கிய வீட்டு நோட்டுப் புத்தகத்தில் கிடைக்கின்றன. அந்தப் பெண்மணி அரண்மனையில் சம்பளம் வாங்கிய பாடகி. ஆக நடனம் கூடத்தை விட்டு வீட்டுக்குள் வந்து, நோட்டில் ஏறி, பத்து விரல்களுக்குள் அடங்கிவிட்டது. மிச்சம் இருப்பது பெயர் மட்டும்.

இதை 'வளர்ச்சி' என்று சொல்வார்கள். பயன்பாட்டிலிருந்து கலைக்கு, உடலிலிருந்து மனதுக்கு என்று ஏணிப்படி போட்டுக் காட்டுவார்கள். அந்த ஏணியைச் சும்மா ஏற்றுக்கொள்ளாமல், அதில் ஒரு படியின் வரலாற்றை மட்டும் தோண்டிப் பார்க்கலாம்.

3

சரபாந்த் என்றால் இன்று நாம் கேட்பது துக்கமும் கண்ணியமும் கலந்த, மெதுவான, அரச மிடுக்குள்ள ஒரு நடை. ஆனால் இதன் மூதாதையான 'சரபாந்தா' பற்றிய ஆரம்பத் தடயங்கள் 16ஆம் நூற்றாண்டின் நடுவில், ஸ்பெயினின் அமெரிக்கக் காலனிகளிலிருந்து வருகின்றன. கித்தாரும் தாளக்கட்டைகளுமாக, வேகமாக, இடுப்பை அசைத்துப் பாடி ஆடிய ஆட்டம். ஸ்பெயினுக்குள் வந்ததும் பாதிரிமார்களும் அரசு அதிகாரிகளும் பதறிப்போனார்கள். 1583இல் தடை வந்தது. பாடிய ஆணுக்கு 200 கசையடியும் கப்பலில் துடுப்புத் தள்ளும் தண்டனையும், பெண்ணுக்கு நாடு கடத்தல்.

தடையால் ஆட்டம் சாகவில்லை. அடுத்த நூற்றாண்டில் அது பிரான்சுக்குப் போய், அரசவையில் ஏறி, நிதானமடைந்தது. 1653இல் சூரியனாக வேடம் கட்டி ஆடிய பதினான்காம் லூயியின் அவையில் ஆட்டம் என்பது பிரபுக்களின் ஒழுக்கப் பயிற்சி. 1700இல் பாரிஸில் ஃபொய்யே என்ற நடன ஆசிரியர், பாதம் தரையில் போகும் தடத்தைக் கோடுகளாக வரைந்து காட்டும் நூலை அச்சிட்டார். அதற்குள் பக்கத்திலேயே, ஆட்டமே தேவைப்படாத சரபாந்த் ஹார்ப்சிகார்டில் குடியேறியிருந்தது.

இதில் மூன்று கட்டங்களைப் பிரித்துப் பார்க்கலாம். முதலில், ஆடியவளின் மேல் தடை. இரண்டாவது, அதே ஆட்டம் வேறொரு வர்க்கத்தின் உடலுக்கு மாற்றப்பட்டு 'கண்ணியம்' பெறுவது. மூன்றாவது, உடலே வேண்டாம் என்று ஆட்டம் தூய ஒலியாகிவிடுவது. கசையடியால் செய்ய முடியாததை அழகியல் செய்து முடித்தது. அதிகாரம் எப்போதும் 'ஆடாதே' என்று மட்டும் சொல்வதில்லை. 'இப்படி ஆடு' என்றும் சொல்லும். அப்புறம் 'நீ தள்ளு, நாங்கள் ஆடிக்கொள்கிறோம்' என்றும் சொல்லும்.

இதே காலத்தில் இந்தக் கரைக்கும் அந்த அரசவைக்கும் ஒரு நூல் ஓடிக்கொண்டிருந்தது. உருவகம் இல்லை, நிஜமான பருத்தி நூல். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்தது இந்தக் கரையின் துணிக்காகத்தான். சோழமண்டலத்துச் சித்திரத் துணி போன்ற இந்தியத் துணிகள் ஐரோப்பாவை அப்படி ஆட்டிவைத்தன. உள்நாட்டு நெசவைக் காப்பாற்ற 1686இல் பிரான்ஸ் அவற்றுக்குத் தடை போட்டது. தடைக்குப் பிறகும் மேட்டுக்குடியினர் உடுத்தினார்கள். மறு ஆண்டு, 1687இல், எலிசபெத் ஜாக்கே த லா கெர் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் பாரிஸில் தம் ஹார்ப்சிகார்ட் கோவைகளை அச்சிட்டு லூயி மன்னனுக்குக் காணிக்கையாக்கினார். அதிலும் சரபாந்துகள் உண்டு. நெய்தவனின் பெயர் துணியில் இல்லாதது போலவே ஆடியவளின் பெயர் சரபாந்தில் இல்லை.

4

இந்த மூன்று கட்டங்களையும் கையில் வைத்துக்கொண்டு நம் பக்கம் திரும்பினால் முதுகு சில்லிடுகிறது.

நமக்கும் ஒரு நடனக் கோவை உண்டு. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோஜியின் தஞ்சை அவையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் கச்சிதப்படுத்திய வரிசை இது. கோத்தவர்கள் நட்டுவனார்கள். ஆடியவர்கள் கோயிலோடும் அரண்மனையோடும் பிணைக்கப்பட்ட பெண்கள். ஆட்டத்தின் பெயர் சதிர்.

1930களின் தொடக்கத்தில் சென்னை மியூசிக் அகாடமி வட்டாரத்தில் 'சதிர்' போய்ப் 'பரதநாட்டியம்' வந்தது. 1935இல் ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்ரா. 1947இல் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம். அந்தச் சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்ததோடு நிற்கவில்லை. கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் திருவிழாவிலும் பெண் ஆடுவதையே சட்டவிரோதம் என்றது.

இங்கே தோழர்கள் சிலர் குறுக்கிடுவார்கள் என்று தெரியும். 'தேவதாசி முறையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறாயா?' இல்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்தச் சமூகத்துக்குள் இருந்து வெளியேறித் 'தாசிகள் மோசவலை' (1936) எழுதியதையும், முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் நின்று போராடியதையும் மறுத்துப் பேசுகிற இடம் எனக்குக் கிடையாது. ஏழு வயதுக் குழந்தையை நேர்ந்துவிடும் முறை ஒழிந்தே ஆக வேண்டியது. ஆனால் முறை வேறு, அந்த முறைக்குள் தலைமுறைகளாகச் சேர்ந்த கலை உழைப்பு வேறு. முறையை ஒழித்த அதே பத்தாண்டுகளில் உழைப்பின் பலன் கைமாறியது. நட்டுவனார்களில் பலருக்குப் புதிய மாணவிகள் கிடைத்தார்கள். பெண்களுக்கு அவமானமும் மௌனமும் கிடைத்தன. ஒழிப்பும் மீட்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்றுதான் படிக்கிறோம். ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் இடத்தில் நின்று பார்த்தால் இரண்டு வாசலும் ஒரே தெருவுக்குத்தான் அவளைத் தள்ளின.

சரபாந்தின் கணக்குப்படி நாம் இரண்டாம் கட்டத்தில் நிற்கிறோம். தடை வந்தது. ஆட்டம் வேறு சாதி, வேறு வர்க்கத்து உடலுக்கு மாறிக் 'கண்ணியம்' பெற்றது. ஒரு வித்தியாசம் உண்டு. ஐரோப்பாவில் பெயர் மிஞ்சியது, உடல் போயிற்று. பாக் தன் நடனத்தை இன்னும் சரபாந்த் என்றே அழைக்கிறார். அந்தப் பெயரை யாரும் மாற்றவில்லை. இங்கே அசைவு மிஞ்சியது, பெயரும் ஆடியவளும் போனார்கள். இரண்டு அழிப்புகளில் எது நாணயமானது என்று கேட்டால், ஹார்ப்சிகார்டின் பக்கம்தான் கை நீளுகிறது. அது 'நான் நடனம் இல்லை, நடனத்தின் பெயர் மட்டுமே' என்று ஒப்புக்கொள்கிறது.

1990களின் தொடக்கத்திலிருந்து மாமல்லபுரத்தில் டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழா நடக்கிறது. முதலில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால், பிறகு கடற்கரைக் கோயில் பக்கம். நல்ல ஆட்டக்காரர்கள் வருகிறார்கள், நானும் போய்ப் பார்த்து ரசித்திருக்கிறேன். ஆனால் எந்த நாட்டிய மேடையானாலும் அறிவிப்பாளர் 'இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்' என்று தொடங்கும்போது, அந்த இரண்டாயிரத்தில் கடைசி நூறு ஆண்டு மட்டும் எங்கே போயிற்று என்று தோன்றும். பல்லவன் கல்லும் பரத முனியும் நேராகக் கைகோத்துக்கொள்கிறார்கள். நடுவில் ஆடிய பாட்டிகள் இல்லை. பின்னணியில் கல் இருந்தால் வரலாறு கேட்க மாட்டார்கள் என்பது சுற்றுலாவின் தர்க்கம்.

5

இங்கே ஆடிய பெண்களின் பாட்டும் ஹார்ப்சிகார்டும் நேரடியாகச் சந்தித்த ஒரு தருணம் உண்டு. 1789இல் கல்கத்தாவில் வில்லியம் ஹாமில்டன் பேர்ட் என்பவர் 'ஓரியண்டல் மிஸெலனி' என்ற தொகுப்பை அச்சிட்டு வாரன் ஹேஸ்டிங்ஸுக்குக் காணிக்கையாக்கினார். வடஇந்தியப் பாட்டுகளை ஹார்ப்சிகார்டுக்கு ஏற்ப மாற்றி எழுதிய நூல். கம்பெனி அதிகாரிகளின் வீட்டுப் பெண்கள் மாலையில் வாசிப்பதற்கு. பாட்டுகளில் பல, நாட்ச் என்று அவர்கள் அழைத்த ஆட்டக் கச்சேரிகளில் கேட்டவை. அவற்றுக்குக் கீழே ஐரோப்பிய மந்தரச் சுரங்களை அடுக்கி, கோடு போட்டுத் தாளத்தை அறை அறையாகப் பிரித்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு காசியில் மார்கரெட் ஃபௌக் என்ற பெண், உள்ளூர் வாத்தியக்காரர்களைத் தம் ஹார்ப்சிகார்டுக்குச் சுருதி சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர்களோடு வாசித்திருக்கிறார். யார் யாருக்குச் சுருதி சேர்த்தார்கள் என்பதில் காலனியம் மொத்தமும் அடங்கிவிடுகிறது.

இன்னொரு பெண், சோஃபியா ப்ளௌடன், 1780களில் லக்னோவில் பாட்டு சேகரித்தார். அவருடைய தாள்கள் கேம்பிரிட்ஜில் இருக்கின்றன. அவருடைய எழுத்துகளின் வழியாக கானம் என்ற ஆடல்பாடல் கலைஞரின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. ஒரு பெண்ணின் சொந்தத் தாள்களில் பாடியவளின் பெயர். ஆவணத்தின் பாலினம் பற்றி யோசிக்க இது நல்ல இடம்.

தெற்கில் இதே விஷயம் தலைகீழாக நடந்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர்களின் பாண்டு மெட்டுகளையும் நடன மெட்டுகளையும் எடுத்து அவற்றில் சமஸ்கிருதத் துதிகளை ஏற்றினார். நொட்டு ஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். எந்தத் திசையில் கடல் தாண்டினாலும் மெட்டுதான் தாண்டுகிறது. ஆடிய கால்களுக்குக் கப்பலில் இடமில்லை.

கால்களும் கப்பலேறிய சம்பவம் ஒன்று உண்டு. 1838இல் கடலூர்ப் பக்கம் திருவந்திபுரத்துத் தாசிகள் சிலரை ஒரு பிரெஞ்சு வியாபாரி ஒப்பந்தம் போட்டுப் பாரிஸுக்குக் கூட்டிப்போனார். அம்மணி என்ற ஆட்டக்காரியைக் கண்டு கவிஞர் கோத்தியே உருகி எழுதினார். பார் என்ற சிற்பி அவளுக்கு வெண்கலச் சிலை செய்தார். கால் போனபோது அது காட்சிப்பொருளாகப் போனது. மெட்டாகப் போனால் பெயர் இல்லை, உடலாகப் போனால் குரல் இல்லை.

6

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை வசதியாக முடிந்துவிடும். ஆனால் வசதியான முடிவை உடைக்கிற ஒருவர் இருக்கிறார். வீணை தனம்மாள் (1867–1938).

ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை. கேட்க வந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். அவர் புகழ்பெற்றது பதங்களுக்கு. அபிநயத்தின் உயிர் என்று சொல்லப்படும் பதம், ஆட்டம் இல்லாமல், தனியொருத்தி மீட்டும் கம்பியில். ஹார்ப்சிகார்ட் நடனக் கோவைக்கு நம்மிடையே ஆக நெருங்கிய உறவு இதுதான். ஆடலுக்கான இசை, தனி வாத்தியம், மீட்டல், தேய்ந்துபோகும் ஒலி. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. இங்கே ஆட்டத்தின் உடல் துரத்தப்படவில்லை. ஆடியவர்களின் குடும்பத்துப் பெண்ணே உட்கார்ந்து வாசித்தாள். அவருடைய பேத்தி பாலசரஸ்வதி 1925இல், ஏழு வயதில், நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் காஞ்சிபுரத்தில் ஒரு கோயிலில் அரங்கேறினார். அதே பாலா 1975இல் தமிழிசைச் சங்க உரையில் மார்க்கத்தின் வரிசையை ஒரு கோயிலுக்குள் படிப்படியாக நடந்துபோவதற்கு ஒப்பிட்டார். இதில் புதிதாகத் தூய்மைப்படுத்த ஒன்றுமில்லை என்கிற கருத்தையும் அங்கேயே சொன்னார். அந்தக் கருத்தை ஒரு வாதமாக எடுத்துக்கொண்டு நாம் போதுமான அளவு விவாதிக்கவே இல்லை.

தனம்மாளிடமிருந்து திரும்பிப்போய் சரபாந்தைக் கேட்டால் வேறொன்று கேட்கிறது. மூன்றெண்ணத்தில் சாதாரணமாக முதல் எண்ணம் கனக்கும். சரபாந்தில் கனம் அடிக்கடி இரண்டாவதில் போய் விழுகிறது. முதல் அடியை எடுத்து வைத்து, இரண்டாவதில் உடம்பின் பாரத்தை இறக்கி, மூன்றாவதில் மிதக்கிறது. எந்தக் கணித விளக்கமும் இந்த இறங்கலைத் தராது. அது ஒரு காலின் ஞாபகம். நூற்றைம்பது ஆண்டு நாகரிகப்படுத்தலுக்குப் பிறகும் அந்தப் பாரம் மட்டும் போகவில்லை. 'தூய இசை' என்பது பொய் என்று அந்த இசையே காட்டிக்கொடுக்கிறது. அதனால்தான் பாக்கைத் தூக்கி எறிய என்னால் முடியவில்லை, அவசியமும் இல்லை. ரசனையைக் கைவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. ரசிக்கும்போதே கணக்கும் கேட்கலாம் என்கிறேன்.

என்ன கணக்கு? பெயர்க் கணக்கு. தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அகத்தில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது. நம் கோவை இலக்கியமும் அந்த விதிக்குள்தான் நடக்கிறது. அது இலக்கணம். ஆடியவளின் பெயர் இல்லாமல் போனது இலக்கணத்தால் இல்லை, சட்டத்தாலும் சாதியாலும். ஏனென்றால் தமிழில் அவளுக்குப் பெயர் இருந்தது. சிலப்பதிகாரத்தில் மாதவி. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனின் கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளை ஒவ்வொருத்தியாகப் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று வரிசையாகப் பதிகிறது. ஆளுக்கு நூறு கலம் நெல். அதுவும் அதிகாரத்தின் பதிவேடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அதிகாரத்துக்கு அவள் பெயரைக் கல்லில் வெட்டுவதில் கூச்சம் இருக்கவில்லை. ஜனநாயகத்துக்குத்தான் கூச்சம். விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கொடுக்கப்பட்டபோது, சதிர் என்ற சொல் அரசாங்க வாயிலிருந்து வந்தது. அதற்கு இந்தியா விடுதலையடைந்து எழுபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

என் கோரிக்கை சின்னது. இந்தக் கடற்கரை மேடையானாலும் வேறெந்த மேடையானாலும், ஒரு பதமோ வர்ணமோ ஆடுவதற்கு முன்னால், பரத முனியிலிருந்து தொடங்காமல், அது எந்த நட்டுவனாரிடமிருந்து, எந்தப் பெண்ணின் வழியாக, எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று இரண்டு வரி சொல்லுங்கள். ஐரோப்பாவின் மூன்றாம் கட்டத்துக்கு நாமும் போய்ச் சேருவதற்கு முன், இரண்டாம் கட்டத்திலேயே நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். இது போதாது, பங்கு வேண்டும், மேடை வேண்டும் என்று அந்தக் குடும்பத்துப் பெண்கள் சொன்னால் அவர்கள் சொல்வதே சரி. நான் தொடக்கத்தை மட்டும்தான் சொல்கிறேன். மற்றதை விவாதிக்கலாம்.

பட்டறையில் அன்றைக்கு ஜீக் முடிந்து போன் அடங்கியபோது அண்ணன் மறுபடி உளியை எடுத்திருந்தார். சிலையின் காலைத் தொடங்கவில்லை, முகத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார். "கால் எப்பண்ணே?" என்றேன். "ஆர்டர் கொடுத்தவன் போட்டோ அனுப்பணும் தம்பி. யாரைப் பார்த்து அடிக்கிறதுன்னு தெரிஞ்சாத்தான் காலு வரும்" என்றார்.